உப்பில்லாத கீரையும் ஐந்து ஷில்லிங்கும்: மரக்காணத்தில் இருந்து சில ஆங்கில நாவல்களைப் படித்தல்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையில் இருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தைப் பார்க்காமல் போக முடியாது. சாலையின் இருபக்கமும் உப்பளம். நிறைய பேர் காரை ஓரங்கட்டி, உப்புக் குவியலுக்கு முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான். போன கோடையில் அங்கே இறங்கினேன். காலை பத்து மணி. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். நன்றாகத்தான் பேசினார். அவருடைய காலைப் போட்டோ எடுக்கலாமான்னு கேட்டதும் முகம் மாறிவிட்டது. புடவையைக் காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, "காலை எடுக்காத தம்பி. உப்ப எடுத்துக்கினு போ" என்றார்.

அப்போது என் பையில் எலிசபெத் காஸ்கெல் எழுதிய "மேரி பார்ட்டன்" இருந்தது. 1848-ல் வந்த நாவல். மான்செஸ்டர் பஞ்சாலைத் தொழிலாளர்களைப் பற்றியது. பஸ்ஸில் படிக்க எடுத்து வந்திருந்தேன். திரும்பும்போது ஒரு பக்கம்கூட ஓடவில்லை. அந்த அம்மா புடவையை இழுத்துவிட்டதுதான் மனசில் நின்றது. ஏழைகளின் வாழ்க்கையை உள்ளபடி எழுதுவதாகச் சொல்கிற நாவல், யாரைக் கேட்டு யார் வீட்டுக் கதவைத் திறக்கிறது? இந்தக் குறிப்பு அந்தக் கேள்வியில் இருந்து வந்தது.

முதலில் கொஞ்சம் பின்னணி

1840-களிலும் 50-களிலும் இங்கிலாந்தில் ஒரு வகை நாவல் அடுத்தடுத்து வந்தது. டிஸ்ரேலியின் "சிபில்" (1845), காஸ்கெல்லின் "மேரி பார்ட்டன்" (1848), சார்லட் பிராண்டியின் "ஷெர்லி" (1849), கிங்ஸ்லியின் "ஆல்டன் லாக்" (1850), டிக்கன்ஸின் "ஹார்ட் டைம்ஸ்" (1854), மறுபடி காஸ்கெல்லின் "நார்த் அண்ட் சவுத்" (1854-55). இங்கிலாந்தின் நிலைமை என்ன என்ற கேள்வியைத் தாமஸ் கார்லைல் 1839-லேயே கிளப்பியிருந்தார். ஆலை முதலாளி, கூலி, வேலைநிறுத்தம், பசி, காய்ச்சல், சாசன இயக்கம் எல்லாம் கதைக்குள் வந்தன. ரேமண்ட் வில்லியம்ஸ் 1958-ல் எழுதிய "கல்ச்சர் அண்ட் சொசைட்டி" நூலில் இவற்றைத் "தொழில்துறை நாவல்கள்" என்று ஒரு வரிசையில் வைத்துப் பேசினார்.

இந்த நாவல்களால்தான் சட்டம் வந்தது என்று ஒரு பேச்சு உண்டு. தேதிகளைப் பார்த்தால் அது நிற்காது. தொழிற்சாலைச் சட்டம் 1833. சுரங்கத்துக்குள் பெண்களும் சிறுவர்களும் இறங்கக் கூடாது என்ற சட்டம் 1842. பெண்களுக்கும் இளம் தொழிலாளர்களுக்கும் பத்து மணி நேர வேலைச் சட்டம் 1847. மேரி பார்ட்டன் வந்தது அதற்கு அடுத்த வருஷம். சட்டத்துக்காக முன்னால் நின்றவர்கள் தொழிலாளர் கமிட்டிகளும், மனுக்களும், நாடாளுமன்ற விசாரணை அறிக்கைகளும்தான். சிபில் நாவலின் பல காட்சிகளுக்கு டிஸ்ரேலி அந்த விசாரணை அறிக்கைகளில் இருந்துதான் சரக்கு எடுத்தார். அதாவது நாவல் பின்னால் வந்தது. அப்படியானால் அதனால் என்ன பயன்?

ஐந்து ஷில்லிங்

மேரி பார்ட்டனில் ஒரு பகுதி. டேவன்போர்ட் என்ற தொழிலாளி வேலை போய், காய்ச்சலில் கிடக்கிறான். குடியிருப்பது தெருவுக்குக் கீழே ஒரு நிலவறை. தரையெல்லாம் ஈரம், சாக்கடை ஊறுகிறது, குழந்தைகள் அதில் உருள்கின்றன. இந்த அறைக்குள் முதலில் நுழைவது பாதிரியாரோ முதலாளி வீட்டு அம்மாவோ இல்லை. ஜான் பார்ட்டனும் வில்சனும். இருவருமே தொழிலாளிகள். நிலைமையைப் பார்த்ததும் பார்ட்டன் வீட்டுக்குப் போய், தன் நல்ல கோட்டையும் ஒரே பட்டுக் கைக்குட்டையையும் எடுத்து அடகுக் கடையில் வைக்கிறான். ஐந்து ஷில்லிங் கிடைக்கிறது. ரொட்டி, இறைச்சி, விறகு, நிலக்கரி வாங்கி வருகிறான்.

மறுநாள் வில்சன் ஆலை முதலாளி கார்சன் வீட்டுக்குப் போகிறான். டேவன்போர்ட்டை ஆஸ்பத்திரியில் சேர்க்க ஒரு சீட்டு வேண்டும். சமையல்கட்டில் நிற்கும்போது இறைச்சி வறுபடும் வாசனை. வில்சன் வெறும் வயிறு. முதலாளி கொடுப்பது உள்நோயாளிச் சீட்டு இல்லை, வெளிநோயாளிச் சீட்டு. அதுவும் திங்கட்கிழமைக்கு. மகன் ஹாரி கார்சன் பையில் இருந்ததை எடுத்துக் கொடுக்கிறான். அதுவும் ஏறக்குறைய அதே ஐந்து ஷில்லிங். டேவன்போர்ட் திங்கட்கிழமை வரை இருக்கவில்லை.

காஸ்கெல் இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்து "பார்த்தீர்களா" என்று சொல்லவில்லை. ஒரு இடத்தில் அது ஒருவனின் மொத்தச் சொத்து. இன்னொரு இடத்தில் சில்லறை. கணக்கைப் போட்டுப் பார்ப்பது நம் வேலை. என் வரையில் இந்த வகை நாவல்களின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. நாவலின் தொடக்கத்தில் பார்ட்டன் வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாகப் பெருமையோடு சொல்லப்படும். பின்னால் அவையே ஒவ்வொன்றாக அடகுக்குப் போகும். வறுமை என்ற சொல்லை எழுதாமலே, வீடு எப்படிக் காலியாகிறது என்று தெரிந்துவிடுகிறது.

நார்த் அண்ட் சவுத்தில் பெஸ்ஸி ஹிக்கின்ஸ் என்ற பெண். பஞ்சு தூசு நுரையீரலில் அடைத்துச் சாகிறாள். தூசை இழுக்கும் சக்கரத்தைச் சில ஆலைகளில் வைத்திருக்கிறார்கள், ஆனால் ஐந்நூறு அறுநூறு பவுண்டு செலவு, அதில் லாபம் இல்லை, அதனால் எல்லாரும் வைப்பதில்லை என்கிறாள். கூடவே இன்னொன்றும் சொல்கிறாள். சில தொழிலாளிகளுக்கே சக்கரம் பிடிக்கவில்லையாம். பஞ்சை விழுங்கிப் பழகியவர்களுக்கு, அது இல்லாவிட்டால் பசிக்கிறதாம். மனுவில் இதை யாரும் எழுத மாட்டார்கள். எழுதினால் வழக்கு கெட்டுப்போகும். நாவலால்தான் எழுத முடியும்.

தீர்வு வரும்போது என்ன ஆகிறது

பிரச்சினையைக் காட்டும் வரை கண்ணைத் திறந்து வைத்திருக்கிற நாவல், தீர்வு வந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறது. மேரி பார்ட்டனில் தொழிற்சங்கம் சீட்டுப் போட்டு ஹாரி கார்சனைக் கொல்லச் சொல்கிறது. சீட்டு ஜான் பார்ட்டனுக்கு விழுகிறது. கோட்டை அடகு வைத்த அதே மனிதன் கொலைகாரன். அன்றைய மான்செஸ்டரில் நடந்த எத்தனையோ வேலைநிறுத்தங்களில் இப்படிப்பட்ட கொலை அபூர்வம். ஆனால் நாவலின் பின்பாதி முழுவதும் அதைச் சுற்றியே ஓடுகிறது. படித்த வர்க்கத்துக்குத் தொழிலாளர் வன்முறை பற்றி இருந்த பயம் இங்கே கதையாகிவிட்டது என்று வில்லியம்ஸ் சொன்னது சரி. கடைசியில் முதலாளி மன்னிக்கிறார், பார்ட்டன் சாகிறான், மேரியும் கணவனும் கனடாவுக்குக் கப்பல் ஏறுகிறார்கள். மான்செஸ்டர் அப்படியே கிடக்கிறது. இவ்வளவு பயந்து எழுதியும், முதலாளிகளுக்கு எதிராக ஒருதலைப்பட்சமாக எழுதிவிட்டார் என்று காஸ்கெல் திட்டு வாங்கினார் என்பது தனிக் கதை.

நார்த் அண்ட் சவுத்தில் முதலாளி தார்ன்டன் நொடித்துப் போகிறான். கதாநாயகி மார்கரெட்டுக்கு எதிர்பாராத சொத்து வருகிறது. அந்தப் பணத்தில் ஆலை பிழைக்கும், கல்யாணமும் நடக்கும். ஹார்ட் டைம்ஸில் ஸ்டீபன் பிளாக்பூல் சங்கத்திலும் சேர மாட்டான், முதலாளி பக்கமும் நிற்க மாட்டான். கடைசியில் கைவிடப்பட்ட சுரங்கக் குழியில் விழுந்து சாகிறான்.

ஸ்டீபன் ஏன் சங்கத்தில் சேரவில்லை? ரேச்சலுக்குக் கொடுத்த வாக்கு என்கிறது நாவல். ஏன் அப்படி ஒரு வாக்கு என்பது அச்சான பிரதியில் தெளிவாக இல்லை. டிக்கன்ஸ் முதலில் ஒரு பகுதி எழுதியிருந்தார். ரேச்சலின் தங்கையின் கை ஆலை இயந்திரத்தில் பிய்ந்து போனது, அதைப் பற்றிக் கொதித்துப் பேசிய ஸ்டீபனை ரேச்சல் அடக்குகிறாள். அச்சுக்குப் போகும் கட்டத்தில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார். அந்தக் கை போனதும் நாவலின் காரணமும் போய்விட்டது. ஸ்டீபன் வெறும் நல்லவனாக மட்டும் நிற்கிறான். நல்லவனாக, பொறுமைசாலியாக, சங்கத்தில் சேராதவனாக இருந்தால்தான் ஏழைக்கு வாசகரின் கண்ணீர் கிடைக்கும் என்ற கணக்கு இது. இந்தக் கணக்கு இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

இடைக்கழிநாட்டுக்காரர் ஒருவர்

மரக்காணத்துக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் இடைக்கழிநாடு. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இந்தப் பகுதிக்காரர். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என்றே பெயர். பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுடைய ஊர்களில் ஒன்றான எயிற்பட்டினம் மரக்காணமாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு.

அந்த 269 அடிப் பாட்டின் நடுவே ஒரு அடுப்படி வருகிறது. கூரை சரிந்த வீடு. உள்ளே காளான் முளைத்திருக்கிறது. குட்டி போட்ட நாய், பால் இல்லை. கண் திறக்காத குட்டிகள் முட்டுவது தாங்காமல் குரைக்கிறது. பாணன் வீட்டுப் பெண் குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேக வைக்கிறாள். உப்பு இல்லை. யாராவது பார்த்துவிட்டால் அவமானம் என்று கதவைச் சாத்திவிட்டு, சுற்றத்தோடு சேர்ந்து தின்கிறார்கள்.

உப்பு விளையும் கரையில் இருந்து வந்த புலவர், உப்பில்லாத கீரையை எழுதுகிறார் என்பதைக் கவனியுங்கள். காஸ்கெல்லின் நிலவறைக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. பசி மட்டும் அல்ல, பசியைப் பிறர் பார்ப்பதால் வரும் கூச்சமும் அதில் இருக்கிறது. ஆனால் தீர்வு? நல்லியக்கோடனிடம் போ, அவன் நல்ல துணியும் சோறும் கொடுத்து, தேரும் கொடுத்து அனுப்புவான். மார்கரெட்டுக்கு வந்த சொத்து மாதிரிதான். அடுப்படியைப் பார்த்து எழுதியவர்கள் இருவரும், தீர்வுக்குக் கொடையாளியிடம் போகிறார்கள். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கும் மேலான இடைவெளியில் இரண்டு மொழிகளில் ஒரே வழுக்கல். ஆற்றுப்படை என்பதே வள்ளலிடம் வழிகாட்டும் வடிவம், அதைக் குறை சொல்லக் கூடாது என்பீர்கள். சரிதான். நாவலுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. இருந்தும் அது அங்கேதான் போனது.

நாவல் பார்க்காத கோடி

இன்னொரு குறை, ஆங்கில நாவலின் எல்லை மான்செஸ்டரோடு நின்றுவிடுவது. அந்தப் பஞ்சு அமெரிக்காவில் அடிமைகள் பறித்தது. அந்தத் துணி வந்து இறங்கிய இடங்களில் நம்முடைய நெசவாளர் தெருக்களும் உண்டு. உப்பிலும் இதே கதை. காஸ்கெல் வளர்ந்த நட்ஸ்ஃபோர்டு இருப்பது செஷயரில். இங்கிலாந்தின் உப்பு மாவட்டம் அது. செஷயர் உப்பு லிவர்பூலில் கப்பல் ஏறி வங்காளத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் உப்பு வரி 1825-ல் ஒழிந்தது. சென்னை மாகாணத்தில் 1805-ல் கம்பெனி ஏற்படுத்திய உப்பு ஏகபோகம் மரக்காணம் போன்ற அளங்களைக் கட்டி வைத்திருந்தது. உப்பு வரி காந்தியின் காலம் வரை ஓடியது.

மரக்காணத்தில் வந்து முடிகிற பக்கிங்ஹாம் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பெயர் அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவினுடையது. அந்தப் பஞ்சத்தில்தான் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியை ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் என்று குறைத்தார். இது உடம்புக்குப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். பஞ்சம் அடங்கும் தறுவாயில் உப்பு வரி கூடியது. இது ஒரு நாவலுக்கான விஷயம் இல்லையா?

தமிழின் முதல் நாவல் "பிரதாப முதலியார் சரித்திரம்" வெளிவந்தது 1879. பஞ்சம் முடிந்த மறுவருஷம். வேதநாயகம் பிள்ளை அந்தப் பஞ்சத்தில் தன் கைக்காசைப் போட்டுக் கஞ்சி ஊற்றியவர். பஞ்சத்தைப் பாட்டாகவும் பாடியவர். ஆனால் அவர் நாவலின் மையத்தில் பஞ்சம் இல்லை. கண்ணால் பார்த்தவருக்கே அதை உரைநடைக் கதையாக்க வழி புலப்படவில்லை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பசியை எழுதப் பாட்டு இருந்தது, நாவல் இன்னும் வேறு வேலையில் இருந்தது. தொ. மு. சி. ரகுநாதனின் "பஞ்சும் பசியும்" வரை, அதாவது 1953 வரை, கைத்தறிக்காரர்களின் பசி ஒரு முழு நாவலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

கரிப்பு மணிகள்

உப்புக்கு வந்த பெரிய நாவல் ராஜம் கிருஷ்ணனின் "கரிப்பு மணிகள்" (1979). களம் தூத்துக்குடி. அதே கரையில் ஸ்ரீதர கணேசனின் "உப்பு வயல்" பின்னால் வந்தது. ராஜம் கிருஷ்ணன் நேரில் போய்த் தங்கிப் பேசி எழுதுகிறவர். பாத்தி, அம்பாரம், வாருபலகை, கங்காணி என்று அளத்தின் சொற்களோடுதான் நாவல் நடக்கிறது. பொன்னாச்சி என்ற இளம்பெண் வேலைக்குப் போவதில் இருந்து, காலையும் கண்ணையும் உப்பு என்ன செய்கிறது, கூலி எப்படிக் குறைகிறது, பெண்ணாக இருப்பதற்கு அங்கே என்ன விலை என்பதெல்லாம் வருகிறது.

காஸ்கெல்லைவிட இவர் ஒரு படி முன்னால் போகிறார் என்பது என் கருத்து. இவருக்குச் சங்கத்தைக் கண்டு பயம் இல்லை. முதலாளியின் மனமாற்றத்தையும் எதிர்பார்க்கவில்லை. தீர்வை வேலை செய்கிறவர்கள் கையிலேயே வைக்கிறார். அதே சமயம் குறையும் உண்டு. சில இடங்களில் பாத்திரங்கள் நாவலாசிரியருக்குத் தெரிந்த முடிவை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். பஞ்சு இல்லாவிட்டால் பசிக்கிறது என்று பெஸ்ஸி சொன்ன மாதிரி, வழக்கைக் கெடுக்கிற வாக்கியம் இங்கே குறைவு. கள ஆய்வின் பலமும் பலவீனமும் ஒன்றுதான். கேள்வியோடு போகிறவருக்குக் கேள்விக்கான பதில் கிடைத்துவிடுகிறது.

திரும்ப மரக்காணம்

மரக்காணத்து அளங்களில் வேலை வெயில் காலத்து வேலை. உப்புநீர் பாத்தி பாத்தியாகக் காய்ந்து, போமே அளவில் சுமார் 25 டிகிரி வந்ததும் உப்பு இறங்கும். ஐப்பசி மழை வந்தால் எல்லாம் தண்ணீர். அந்த மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு இப்போது 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. போதுமா என்றால் போதாது. ஆனால் வள்ளல் கொடுத்த தேர் இல்லை அது. மழைக்காலத்தில் எங்களுக்கு வேலை இல்லை என்று தொழிலாளர்கள் பல வருஷமாகக் கேட்டு வந்தது.

2023 மே மாதம் மரக்காணம் பக்கத்தில் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வாரம் டீவியில் வந்த விவாதங்களை நினைத்துப் பாருங்கள். குடித்துச் செத்தவனுக்கு எதற்கு நிவாரணம் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்! ஸ்டீபன் பிளாக்பூல் கணக்குத்தான். குடிக்காமல், கோபப்படாமல், கொடி பிடிக்காமல் செத்தால் அனுதாபம் உண்டு. காஸ்கெல் தடுமாறினாலும் ஒன்று செய்தார். ஜான் பார்ட்டன் அபின் தின்கிறான், கோபப்படுகிறான், கொலை செய்கிறான். இருந்தும் கோட்டை அடகு வைத்தவன் இவன்தான் என்பதை நாம் மறக்க முடியாதபடி முதலிலேயே எழுதிவிட்டார். நாவலால் என்ன பயன் என்று மேலே கேட்டேன் அல்லவா? என் பதில் இவ்வளவுதான். சட்டத்தை அது கொண்டுவரவில்லை. தகுதியான ஏழை, தகுதியில்லாத ஏழை என்று பிரிப்பதைக் கொஞ்சம் கஷ்டமாக்கியது.

கதவு விஷயம் மிச்சம் இருக்கிறது. பாணன் வீட்டுப் பெண் கதவைச் சாத்தினாள். நத்தத்தனார் உள்ளே இருப்பதை நமக்குச் சொல்லிவிட்டார். ஆனால் அதைச் சொல்வது யார் வாய்? அதே வறுமையில் இருந்து மீண்ட ஒரு பாணன், வழியில் பார்த்த இன்னொரு பாணனிடம், நேற்று வரை என் வீடும் இப்படித்தான் இருந்தது என்று சொல்வதாகத்தான் அமைப்பு. டேவன்போர்ட்டின் நிலவறைக்குள் நாம் போவதும் பார்ட்டனின் முதுகுக்குப் பின்னால்தான். அடகு வைக்கக் கோட்டு வைத்திருப்பவனோடு போனால் அந்த வீட்டுக்குள் போகலாம் போல இருக்கிறது. நான் போனது கேமராவோடு.

அந்தக் காலைப் பற்றி இந்தக் குறிப்பில் எழுதாமல் விட்டிருக்கிறேன். எனக்குத் தெரியும், அதை எழுதியிருந்தால் கட்டுரை இன்னும் 'உருக்கமாக' இருந்திருக்கும். அடுத்த தடவை மழைக்காலத்தில், அளத்தில் வேலை இல்லாத நாளில் போகலாம் என்று இருக்கிறேன். உப்புக் குவியலும் செல்ஃபியும் இல்லாத மாதம் அது. பேச நேரம் இருக்கலாம். இல்லை, பேச விருப்பம் இல்லாமலும் இருக்கலாம். அதுவும் அவங்க இஷ்டம்தான்.